கோல்ஃப் மைதானத்துல ஸ்டிக் ஒடஞ்சா யார் காசு குடுக்கணும்? இஸ்திரி கடையில இருந்து ஆரம்பிப்போம்

எங்க அக்கா வூட்டுக்காரர் ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில வேலை பாக்குறாரு, வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்க வர பையரை கவனிச்சிக்கிறது அவர் வேலை. அந்த பழக்கத்துல ரெண்டு வருஷமா கோல்ஃப் ஆடவும் கத்துக்கிட்டாரு. நம்ம வேலூர் பக்கம் கோல்ஃப்னா டிவியில பாக்குற ஆட்டம்தான், அதனால இவரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காத்தால கிளம்பி பெங்களூர் போயி ஆடிட்டு வருவாரு. போன மாசம் போனப்ப வாசல்ல பையன் ஒருத்தன் வந்து கார் டிக்கியில இருந்து பேகை எடுத்துக்கிட்டான், நம்பர் போட்ட வில்லை ஒண்ணு கையில குடுத்தான், பேகை பின்னாடி நின்ன பக்கியில, அதான் மைதானத்துக்குள்ள ஓட்டுற சின்ன வண்டி, அதுல ஏத்துனான். பெல்ட்டை மாட்டலை. சரிவுல வண்டி எறங்குறப்ப பேக் கீழ விழுந்திச்சி, பின்னாடி வந்த இன்னொரு பக்கி அது மேலயே ஏறிடிச்சி. டிரைவர்னு சொல்ற பெரிய ஸ்டிக்கோட தண்டு முறிஞ்சி போச்சி.

அதை எங்கிட்ட கொண்டாந்து காட்டுனாரு. இரும்பு ஒடையிற மாதிரி பட்டுனு ஒடையலை, கார்பன் நார்ல பண்ண தண்டு அது, கரும்பை முறிச்சா ஒரு பக்கம் தோலு ஒட்டிக்கிட்டு தொங்குமே அந்த மாதிரி கருப்பு நாரு நாரா பிரிஞ்சி தொங்குது, விரல் வச்சா குத்துது. ஆபீஸ்ல கேட்டா சுவத்துல இருந்த போர்டை காட்டிட்டாங்களாம், "உங்கள் பொருட்களுக்கு நீங்களே பொறுப்பு"ன்னு எழுதி இருக்குது, அவ்ளோதான், பேச்சு முடிஞ்சிது.

அன்னைக்கு ராத்திரி எங்க வூட்டுல பெரிய வாக்குவாதம். அண்ணன் சொல்றான், அவங்க எடத்துல ஒடஞ்சா அவங்கதான் குடுக்கணும்னு. சித்தப்பா சொல்றாரு, போர்டு வச்சப்புறம் என்னடா பேச்சு, தெரிஞ்சிதான உள்ள போனாருன்னு. மாமா என்னை பாத்து, "இன்னாம்மா, நீ கோர்ட்டுக்கு போறவ, நீயே சொல்லு"ன்னாரு. நான் வேலூர் கோர்ட்டுல சிவில் பக்கம் பாக்குறேன். இந்த விஷயத்துல எங்கிட்ட வர பாதி பேரு அண்ணன் மாதிரி, மீதி பேரு சித்தப்பா மாதிரி. ரெண்டு பேரும் தப்பு. ஜனங்க இதை தப்பா புரிஞ்சிக்கிட்டு, கேக்க வேண்டிய காசை விட்டுடுறாங்க, இல்ல கேக்கவே கூடாத எடத்துல போயி சண்டை போடுறாங்க, அதனாலதான் அடியில இருந்து எழுதுறேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். கோல்ஃப்ல ஆடுற மட்டைக்கும் கிளப்னுதான் பேரு, ஆடுற எடத்துக்கும் கிளப்னுதான் பேரு, படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. நான் மட்டையை ஸ்டிக்னும் எடத்தை கிளப்னும் சொல்றேன்.

எடம் யாருதுன்றது கேள்வியே இல்ல

ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு போறவங்களுக்கு தெரியும், செல்போனை உள்ள கொண்டு போக முடியாது. இப்ப ரெண்டு விதமா யோசிங்க. ஒரு கோயில் வாசல்ல செருப்பை ஓரமா கழட்டி விட்டுட்டு உள்ள போறீங்க, திரும்பி வந்தா செருப்பை காணோம். கோயில்காரங்களை கேப்பீங்களா? மாட்டீங்க, நீங்களா விட்டுட்டு போனது. அதே வாசல்ல கவுண்டர்ல ஒரு ஆள்கிட்ட போனை குடுத்து டோக்கன் வாங்கிட்டு போறீங்க, வந்து டோக்கனை நீட்டுனா போன் இல்லன்றாரு. இப்ப சும்மா வருவீங்களா?

எடம் ஒண்ணுதான், வாசல் ஒண்ணுதான். மாறுனது என்னன்னா பொருள் யார் கையில இருந்திச்சின்றது. சட்டமும் முதல்ல கேக்குறது இதைத்தான். காட்பாடி ஸ்டேஷன் பக்கத்துல வண்டியை ரோட்டோரம் நிறுத்திட்டு ரயில் ஏறுறதுக்கும், ஸ்டாண்டுல விட்டு சீட்டு வாங்கிட்டு ஏறுறதுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு மனசுக்குள்ள நல்லாவே தெரியும், கோல்ஃப்னு பேர் சொன்ன உடனே தான் அது ஏதோ பெரிய மனுஷங்க விஷயம்னு அந்த புத்தியை ஓரமா வச்சிடுறோம்.

இஸ்திரி கடை சட்டம்

தெருமுனையில தள்ளுவண்டியில இஸ்திரி போடுறவர்கிட்ட சட்டை குடுக்குறீங்க. சட்டை உங்களுதுதான், ஆனா சாயங்காலம் வரைக்கும் அவர் கையில இருக்குது. வேலை முடிஞ்சதும் அதே சட்டையை திருப்பி தரணும். இந்த ஏற்பாட்டுக்கு சட்டத்துல பெய்ல்மெண்ட்னு பேரு, நம்ம பாஷையில ஒப்படைப்பு. ஒரு காரியத்துக்காக பொருளை ஒருத்தர் கையில குடுக்குறது, காரியம் முடிஞ்சதும் அது திரும்பி வரணும், அவ்ளோதான் அர்த்தம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872ல போட்டது, அதுல 148ஆவது பிரிவு இதை சொல்லுது. எழுதி கையெழுத்து போடணும்னு அவசியம் இல்ல, சட்டையை நீட்டுனீங்க அவர் வாங்கிட்டாரு, முடிஞ்சிது.

வாங்குனவர் எவ்ளோ ஜாக்கிரதையா இருக்கணும்? 151ஆவது பிரிவு அதுக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்குது, எனக்கு ரொம்ப புடிச்ச பிரிவு அது. சாதாரண புத்தி இருக்குற ஒரு ஆளு, அதே சூழ்நிலையில, அதே அளவு அதே தரம் அதே மதிப்புள்ள தன்னோட சொந்த பொருளை எப்படி பாத்துப்பாரோ அப்படி பாத்துக்கணும். உசுரை குடுத்து காப்பாத்துன்னு சொல்லலை, சொந்த பொருளா நெனச்சி பாத்துக்கோன்னு சொல்லுது. அந்த அளவுக்கு பாத்துக்கிட்டும் பொருள் கெட்டு போச்சின்னா அவர் மேல தப்பு இல்லன்னு அடுத்த பிரிவு, 152, சொல்லிடுது. திடீர்னு வெள்ளம் வந்து தெருவையே அடிச்சிக்கிட்டு போனா இஸ்திரிக்காரரை போயி கேக்க முடியாது. பெட்டியை சட்டை மேல வச்சிட்டு போன் பேசிட்டு இருந்தாருன்னா கேக்கலாம்.

இதுல ஜனங்களுக்கு தெரியாத ஒரு முக்கியமான சங்கதி இருக்குது. சாதாரணமா கோர்ட்டுல யார் குறை சொல்றாங்களோ அவங்கதான் நிரூபிக்கணும். ஆனா ஒப்படைச்ச பொருள் கெட்டுப்போயி திரும்பி வந்தா, "நான் ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டேன்"னு காட்ட வேண்டியது கையில வாங்குனவரோட வேலை. நியாயமும் அதுதானே, பொருள் அவர் கையில இருந்தப்ப என்ன நடந்திச்சின்னு நமக்கு எப்படி தெரியும்?

இப்ப மாமாவோட பேகுக்கு வருவோம். பையன் அவனாவே வந்து டிக்கியில இருந்து எடுத்தான், மாமா எடுத்துக்கோன்னு கேக்கக்கூட இல்ல. அதனால ஒப்படைப்பு இல்லன்னு கிளப் சொல்லலாமா? 1894ல இங்கிலாந்துல ஒரு கேஸ், சாப்பாட்டு கடையில வெயிட்டர் கேக்காமலே வாடிக்கையாளரோட கோட்டை வாங்கி பின்னாடி இருந்த கொக்கியில மாட்டுனாரு, கோட்டு திருடு போச்சி, கடைக்காரர்தான் பொறுப்புன்னு தீர்ப்பு. கைநீட்டி எடுத்துட்டா எடுத்ததுதான்.

இதுவரைக்கும் பாத்ததை சுருக்கமா சொன்னா: எடம் யாருதுன்னு பாக்காதீங்க, ஒடஞ்ச நேரத்துல பொருள் யார் கையில இருந்திச்சின்னு பாருங்க. வாங்கி வச்சிக்கிட்டவரு சொந்த பொருள் மாதிரி பாத்துக்கணும், பாத்துக்கிட்டேன்னு காட்ட வேண்டியதும் அவரே.

பொட்டி அவங்க வூட்டுல, சாவி நம்ம கையில

கோல்ஃப் கிளப்புங்கள்ல லாக்கர் வாடகைக்கு விடுவாங்க. பேக், ஷூ எல்லாம் அதுலயே வச்சிட்டு வந்துடலாம், ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு போக வேணாம். அந்த லாக்கர்ல இருந்து ஸ்டிக் காணாம போனா?

இதுக்கு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லயே ஒரு அருமையான பழைய தீர்ப்பு இருக்குது, 1938ல ரிப்போர்ட் ஆனது. ஒரு அம்மா பழைய நகையை உருக்கி புது நகை பண்ண ஆசாரிகிட்ட குடுத்தாங்க. தினமும் சாயங்காலம் போயி, பாதி செஞ்ச நகையை எல்லாம் வாங்கி அந்த ஆசாரி வூட்டுலயே இருந்த ஒரு பொட்டியில வச்சி பூட்டி, சாவியை எடுத்துட்டு வூட்டுக்கு வந்துடுவாங்க. ஒரு ராத்திரி பொட்டியில இருந்து நகை திருடு போச்சி. ஆசாரி பொறுப்பா? இல்லன்னுட்டாங்க. ஏன்னா தினமும் சாயங்காலம் நகை அந்த அம்மா கைக்கே திரும்பி வந்துடிச்சி, பொட்டி இருந்த எடம் மட்டும்தான் ஆசாரியோடது. சாவி அவர்கிட்ட இல்லாதப்ப அவர் எதை பாத்துக்க முடியும்?

கிளப் லாக்கரும் பெரும்பாலும் இந்த கதைதான். சாவி உங்ககிட்ட மட்டும் இருந்தா அது ஒப்படைப்பு இல்ல, எடத்தை வாடகைக்கு எடுத்த மாதிரி. பேகை வைக்கிற ரூம்ல ஒரு ஆளு உக்காந்துக்கிட்டு பேகை வாங்கி அடுக்கி, சாவியை அவரே வச்சிருந்தா அது ஒப்படைப்பு. கிளப்ல சேரும்போதே யார்கிட்ட சாவின்னு கேட்டு வச்சிக்கிறது நல்லது, ஒரே பில்டிங்ல ரெண்டு விதமும் இருக்கும்.

அதுக்காக லாக்கர் குடுத்தவங்க கண்ணை மூடிக்கலாம்னு ஆகாது. பேங்க் லாக்கர் விஷயத்துல இதே வாதத்தை பேங்குங்க ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, உள்ள என்ன இருக்குதுன்னே எங்களுக்கு தெரியாதுன்னு. 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அப்படி கையை கழுவ முடியாதுன்னு சொல்லி ரிசர்வ் பேங்கை விதி போட சொன்னிச்சி. 2022 ஜனவரி 1ல இருந்து புது விதி, தீ, திருட்டு, கட்டடம் இடிஞ்சி விழுறது, ஊழியர் மோசடி இதுல லாக்கர் பொருள் போச்சின்னா பேங்க் வருஷ வாடகையை போல 100 மடங்கு வரைக்கும் பொறுப்பு. இந்த விதி பேங்குக்கு மட்டும்தான், கோல்ஃப் கிளப்புக்கு இல்ல. ஆனா கதவு பூட்டே வேலை செய்யலைன்னு மூணு தடவை சொல்லியும் சரி பண்ணாம விட்டா, அந்த அலட்சியத்துக்கு எந்த கிளப்பும் பதில் சொல்லித்தான் ஆகணும்.

அந்த போர்டு

சித்தப்பாவோட வாதம் முழுக்க அந்த போர்டு மேலதான் நிக்குது. பார்க்கிங் டோக்கன் பின்னாடி, டிரை கிளீனிங் பில் பின்னாடி, கல்யாண மண்டபம் சுவத்துல, எல்லா எடத்துலயும் இருக்குற அதே வாசகம். ஒரு தடவை படிச்சா நம்ம வாயை மூடிடுது, அதுக்காகவே வைக்கிறது அது.

போர்டுக்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்ல வரலை. செருப்பை நீங்களா கழட்டி விட்டுட்டு போற எடத்துல போர்டு இருந்தா அது உண்மையைத்தான் சொல்லுது, யாரும் பாத்துக்க போறதில்லன்னு. ஆனா கையில வாங்கிக்கிட்டு, வாங்குன கையாலயே ஒடச்சிட்டு, அப்புறம் போர்டை காட்டுறது வேற.

1960கள்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒரு லாண்டரி கேஸ் போச்சி. துணி தொலைஞ்சிடிச்சி. பில்லுல பொடி எழுத்துல என்ன இருந்திச்சின்னா, துணி தொலைஞ்சா அதோட விலையில 15 சதவீதம்தான் தருவோம்னு. கோர்ட் ஒத்துக்கலை. இப்படி ஒரு நிபந்தனையை விட்டா புது துணியை தொலைச்சிட்டேன்னு சொல்லி 15 சதவீதம் குடுத்துட்டு துணியை வச்சிக்கலாம், அது பொது நலனுக்கு விரோதம்னு தள்ளிட்டாங்க. சுமார் அறுபது வருஷம் ஆச்சி, இன்னைக்கும் அதே மாதிரி பில்லு அச்சடிச்சிட்டுதான் இருக்காங்க, நாமளும் படிச்சிட்டு பேசாம வந்துட்டுதான் இருக்கோம். எனக்கு கோவம் வர எடம் இதுதான்.

இன்னும் நெருக்கமான கேஸ் டெல்லி தாஜ் மகால் ஹோட்டல் கேஸ். 1998 ஆகஸ்ட்ல ஒருத்தர் மாருதி ஜென் கார்ல ஹோட்டலுக்கு வந்து, சாவியை வாசல்ல இருந்த ஊழியர்கிட்ட குடுத்துட்டு உள்ள போறாரு, வெளிய வந்தா காரை வேற யாரோ ஓட்டிட்டு போயிட்டாங்க. பார்க்கிங் சீட்டுல சொந்த பொறுப்பில்னு எழுதி இருக்குது. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2019 நவம்பர்ல முடிஞ்சிது. சாவியை கையில வாங்கிட்டா அது ஒப்படைப்பு, சீட்டுல எதை அச்சடிச்சிருந்தாலும் உங்க ஊழியரோட அலட்சியத்துல இருந்து அது உங்களை காப்பாத்தாது, அலட்சியம் இல்லன்னு முதல்ல நீங்க காட்டுங்க, இதுதான் தீர்ப்போட சாரம். பேக் குடுத்து வில்லை வாங்குறதும் சாவி குடுத்து சீட்டு வாங்குறதும் ஒண்ணுதான்னு தனியா சொல்ல வேணாம்.

சுருக்கமா: போர்டு இருக்குதுன்றதுக்காக திரும்பி வந்துடாதீங்க. போர்டு கீழ நிக்கிற ஆளு பொருளை கையில வாங்குனாரா, வாங்கிட்டு அலட்சியமா இருந்தாரான்னு கேளுங்க.

கத்தி நம்ம பக்கமும் திரும்பும்: வாடகை செட்டு

சொந்தமா ஸ்டிக் வாங்காதவங்க கிளப்லயே வாடகைக்கு எடுத்து ஆடுவாங்க, பக்கி வண்டியும் வாடகைக்குத்தான். இங்க நாமதான் இஸ்திரிக்காரர் எடத்துல நிக்கிறோம், பொருள் கிளப்போடது, கை நம்மளது. அதே 151 நமக்கும். கோவத்துல ஸ்டிக்கை மரத்துல அடிச்சி வளைச்சா காசு குடுத்துத்தான் ஆகணும். ஒழுங்கா ஆடுறப்ப பழைய தண்டு தானா விட்டுப்போச்சின்னா அது தேய்மானம், அதுக்கு முழு விலை கேட்டா குடுக்க வேணாம்.

ரெண்டு விஷயத்துல சட்டம் ரொம்ப கண்டிப்பு. ஒண்ணு, வாடகைக்கு விடுறவரு பொருள்ல இருக்குற குறைக்கு அவரே பொறுப்பு, குறை இருந்தது அவருக்கு தெரியலைன்னாலும் பொறுப்பு. 150ஆவது பிரிவு. சும்மா இரவல் குடுத்தவருக்கு இந்த கண்டிப்பு இல்ல, அவருக்கு தெரிஞ்ச குறையை மறைச்சாத்தான் தப்பு. அதனால வாடகை பக்கியில பிரேக் புடிக்காம போயி உங்க பேகு நசுங்குச்சின்னா, "எனக்கு தெரியாதே"ன்னு கிளப் தப்பிக்க முடியாது. காசு வாங்குனல்ல, பாத்துட்டு குடுத்திருக்கணும்.

ரெண்டாவது, எதுக்காக வாங்குனோமோ அதை தாண்டி உபயோகிச்சா. 154ஆவது பிரிவு, இதுக்கு சட்டத்துலயே குதிரை கதை வச்சிருக்காங்க, 1872 இல்லயா. கல்கத்தாவுல குதிரையை வாடகைக்கு எடுக்குறவரு காசிக்கு போறேன்னு சொல்லி எடுக்குறாரு, ஆனா கட்டாக் பக்கம் போயிடுறாரு. ஜாக்கிரதையாத்தான் ஓட்டுறாரு, குதிரை தற்செயலா விழுந்து அடிபட்டுடுது. அவர்தான் பொறுப்பு, ஜாக்கிரதை எல்லாம் கணக்குல வராது. இன்னொரு கதை, குதிரையை நீ மட்டும் ஓட்டுன்னு குடுத்தா அதை வூட்டு ஆளு ஒருத்தருக்கு ஓட்ட குடுத்துடுறாரு, அங்கயும் அதே முடிவு. பக்கியில புள்ளையை உக்கார வச்சி ஸ்டியரிங்கை கையில குடுத்து வீடியோ எடுக்குறவங்க இந்த கதையை ஒரு தடவை படிக்கணும். சொன்ன நேரத்துக்கு திருப்பி தராம வச்சிருந்தாலும் அந்த நேரத்துக்கு அப்புறம் நடக்குறது நம்ம தலையிலதான், அது 161.

சத்துவாச்சாரி பக்கம், காட்பாடி பக்கம்லாம் பசங்க ராத்திரியில டர்ஃப் புக் பண்ணி கிரிக்கெட் ஆடுறாங்களே, அங்க குடுக்குற பேட்டுக்கும் இதே கணக்குதான்.

யாரோ அடிச்ச பந்து

இதுவரைக்கும் கையில குடுத்த கதை. இப்ப யாரும் யாருக்கும் எதையும் குடுக்கலை, உங்க பேகு புல்லுல நிக்குது, எங்கயோ ஒருத்தர் அடிச்ச பந்து வந்து உங்க ஸ்டிக் மேல, இல்ல வெளிய நிக்கிற கார் கண்ணாடி மேல விழுது. இங்க ஒப்படைப்பு கிடையாது, வேற சட்டம், அதுக்கு பேரு நெக்லிஜென்ஸ், அலட்சியம். மூணு விஷயம் இருக்கணும்: பக்கத்துல இருக்குறவங்களை நெனச்சி ஜாக்கிரதையா இருக்க வேண்டிய கடமை, அந்த கடமையை மீறுனது, அந்த மீறலால நஷ்டம்.

பந்து கோணலா போறது மட்டும் அலட்சியம் இல்ல. கோல்ஃப்ல எவ்ளோ பெரிய ஆட்டக்காரர் அடிச்சாலும் சில சமயம் பந்து கோணத்தான் போவும், அது தெரிஞ்சிதான் எல்லாரும் உள்ள போறோம். அலட்சியம் எதுன்னா, முன்னாடி ஆடுறவங்க நகர்றதுக்குள்ள அடிக்கிறது, பந்து ஆள் இருக்குற பக்கம் திரும்புறது தெரிஞ்சும் "ஃபோர்!"னு கத்தாம நிக்கிறது. அந்த ஒரு வார்த்தை கோல்ஃப்காரங்களோட ஹாரன் மாதிரி.

மைதானம் வச்சிருக்குறவங்க எப்ப மாட்டுவாங்கன்றதுக்கு இங்கிலாந்து தீர்ப்பு ரெண்டை சேத்து படிச்சா நல்லா புரியும், நம்ம கோர்ட்டுங்களும் இந்த மாதிரி விஷயத்துல அங்க உள்ள தீர்ப்பை எடுத்து பாக்குறது வழக்கம்தான். 1922ல தீர்ப்பான கேஸ் ஒண்ணு, ஒரு டாக்சி டிரைவர் கோல்ஃப் மைதானத்து ஓரமா ரோட்டுல போறாரு, 13ஆவது குழிக்கு அடிக்க ஆரம்பிக்கிற எடத்துல இருந்து பந்து வந்து கண்ணாடியை ஒடச்சி அவருக்கு ஒரு கண்ணே போயிடிச்சி. அந்த எடத்துல இருந்து பந்து அடிக்கடி ரோட்டுக்கு வர்றது எல்லாருக்கும் தெரியும். கிளப் பொறுப்புன்னு தீர்ப்பு. 1951ல முடிஞ்ச இன்னொரு கேஸ், கிரிக்கெட் மைதானத்துல இருந்து பந்து வேலியை தாண்டி ரோட்டுல நின்ன ஒரு பொம்பளை மேல பட்டிச்சி. ஆனா சுமார் 30 வருஷத்துல ஆறு தடவைதான் பந்து அப்படி வெளிய போயிருக்குது. அலட்சியம் இல்லன்னுட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் அடி எவ்ளோ பலமா பட்டிச்சின்றது இல்ல, எவ்ளோ தடவை நடந்திச்சி, தெரிஞ்சும் என்ன பண்ணாங்கன்றது. உங்க கார் கண்ணாடி ஒடஞ்சா அக்கம்பக்கம் வாட்ச்மேன்கிட்ட மெதுவா கேளுங்க, "இங்க அடிக்கடி விழுவுதா?"ன்னு. அந்த பதிலுக்கு மதிப்பு அதிகம்.

உங்க ஸ்டிக்கை நீங்களே அடிச்சி, புல்லுக்கு கீழ இருந்த வேருலயோ கல்லுலயோ பட்டு ஒடஞ்சா அது உங்க நஷ்டம், மண்ணுன்னா கல்லு இருக்கும். வேலை பாத்தவங்க இரும்பு கம்பியை புல்லுக்குள்ள விட்டுட்டு போயிருந்தா அது வேற.

ஆட்ட ரூலுல தேடாதீங்க

கோல்ஃப் ஆடுறவங்களே பண்ற குழப்பம் ஒண்ணு இருக்குது. மாமாவோட ஃப்ரெண்டு ஒருத்தர், "ரூல்ஸ்லயே இருக்குது சார், ஒடஞ்ச ஸ்டிக்கை மாத்திக்கலாம்"னு சொல்லி அனுப்பியிருக்காரு. இருக்குது, உண்மைதான். உலகம் பூரா ஒரே ரூல் புக்கு, ஆர் அண்ட் ஏ-ன்ற அமைப்பும் அமெரிக்காவோட யூஎஸ்ஜிஏவும் சேந்து போடுறது. ஒரு ஆளு 14 ஸ்டிக்குக்கு மேல எடுத்துட்டு போக கூடாது, நடுவுல ஒண்ணு ஒடஞ்சா அதை அப்படியே வச்சி ஆடலாம், ரிப்பேர் பண்ணலாம், 2023 ரூல்படி வேற ஒண்ணும் எடுத்துக்கலாம், ஆனா கோவத்துல நீங்களா ஒடச்சிருக்க கூடாது. இதெல்லாம் ஆட்டத்துல பெனால்டி விழுமா விழாதான்றதுக்கு. கேடி, அதாவது பேக் தூக்கி கூட வரவரு, ரூல் மீறுனா ஆட்டக்காரருக்கு பெனால்டின்னும் அதுல இருக்குது, அதை வச்சி கேடி ஒடச்சா ஆட்டக்காரர் தலையிலன்னு நெனச்சிக்கிறாங்க. யார் காசு குடுக்கணும்னு அந்த புக்குல தேடுறது, ரன் அவுட்டான்னு ஒப்பந்தச் சட்டத்துல தேடுற மாதிரி.

கேடி கையில ஒடஞ்சா பாக்க வேண்டியது வேற: அவர் கிளப்புல வேலை பாக்குற ஆளா, இல்ல நீங்களா கூட்டிட்டு வந்து கையில காசு குடுக்குற ஆளா. ஊழியர் வேலை நேரத்துல வேலையில பண்ற அலட்சியத்துக்கு முதலாளி பொறுப்புன்றது சட்டத்துல நிலையான விஷயம். வெயில்ல பேக் சுமக்குற அந்த ஆளோட ஒரு நாள் கூலியில கை வைக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

எவ்ளோ கேக்கலாம், எங்க கேக்கலாம்

தண்டு மட்டும்தான் முறிஞ்சிருக்குது, தலைப்பகுதி நல்லா இருக்குதுன்னா தண்டு மாத்துற செலவுதான் கேக்க முடியும், புது ஸ்டிக்கோட விலை இல்ல. மொத்தமா போயிருந்தாலும் ரெண்டு வருஷம் ஆடுன பொருளுக்கு ரெண்டு வருஷம் ஆடுன விலைதான். அன்னைக்கு ஆட்டம் கெட்டுச்சி, பையர் முன்னாடி மானம் போச்சின்றதுக்கு எல்லாம் காசு வாங்குறது கஷ்டம், ஒடஞ்சதால நேரா வர நஷ்டம்தான் நிக்கும்.

முதல்ல போட்டோ. ஒடஞ்ச எடத்துலயே, வண்டியும் பேகும் தெரியிற மாதிரி. வில்லையை திருப்பி குடுக்குறதுக்கு முன்னாடி அதையும் ஒரு போட்டோ. அப்புறம் அன்னைக்கே மெயில்ல ரெண்டு வரி, யார் வாங்குனாங்க, எப்ப, எப்படி விழுந்திச்சின்னு, வாய் வார்த்தை மறுநாளே மாறிடும். கோல்ஃப்காரங்களுக்குன்னே தனி இன்ஷூரன்ஸ் நம்ம நாட்டுலயே விக்கிறாங்க, ஸ்டிக்குக்கும் சேரும், நம்ம பந்தால மத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கும் சேரும், அது இருந்தா முதல்ல அங்க தகவல் குடுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்கு குடுத்துட்டு தப்பு பண்ணவங்ககிட்ட அவங்களே வசூல் பண்ணிக்கலாம், டெல்லி ஹோட்டல் கேஸ்ல இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சேந்துதான் வழக்கு போட்டிச்சி.

பதிலே வரலைன்னா நுகர்வோர் ஆணையம். கிளப் பெங்களூர்ல இருக்குதுன்றதுக்காக அங்க அலைய வேணாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல புகார் குடுக்குறவரு குடியிருக்குற ஊர்லயே போடலாம்னு வந்துடிச்சி, நம்ம வேலூர் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், ராணிப்பேட்டைக்காரங்க அவங்க மாவட்டத்துக்கு உரிய ஆணையத்துல. காசு குடுத்து வாங்குன சேவையா இருக்கணும், ரசீது வேணும். குடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் கிடையாது. நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல, வக்கீலா இருந்துக்கிட்டே சொல்றேன். அதுக்கும் முன்னாடி 1915ன்ற ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணா பல விஷயம் அங்கயே பேசி முடிஞ்சிடும்.

மாமாவுக்கு நான் கேஸ் எதுவும் போடலை. ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதி குடுத்தேன்: எத்தனை மணிக்கு உங்க ஊழியர் பேகை வாங்குனாரு, வில்லை நம்பர் என்ன, பெல்ட் மாட்டலைன்றது போட்டோவுல தெரியுது, கெஸ்ட் ஃபீஸ் ரசீது இத்தோட இருக்குது, தண்டு மாத்த கடைக்காரர் குடுத்த கொட்டேஷனும் இருக்குது, ஒழுங்கா பாத்துக்கிட்டோம்னு நீங்கதான் காட்டணும். போர்டை பத்தி ஒரு வரி, 2019 தீர்ப்போட. பதினோரு நாள் கழிச்சி பதில் வந்திச்சி, "நல்லெண்ண அடிப்படையில்" தண்டு மாத்துற செலவை ஏத்துக்கிறோம்னு. நல்லெண்ணம்னு சொன்னது மாமாவுக்கு புடிக்கலை, தப்புன்னு ஒத்துக்க சொல்லி இன்னொரு லெட்டர் எழுதுன்னாரு. நான் வேணாம்னேன், கொட்டேஷன்ல இருந்த தொகை முழுசா வந்திடிச்சி. அடுத்த ஞாயித்துக்கிழமை போனப்ப பேகை அவரே தூக்கி வச்சி பெல்ட்டை மாட்டிட்டு எனக்கு போட்டோ அனுப்பினாரு. நான் உடனே போன் பண்ணி சொன்னேன், "மாமா, அந்த பையனே ஏத்தட்டும், நீங்க வில்லையை வாங்கிக்கோங்க."